வெஸ்லியின் வலது தோள்

போன கிழமை பஸ்ஸில் பக்கத்தில் வந்து இருந்த பெரியவரிடமிருந்து நோவுத் தைலம் மணத்தது. ஒரு தரிப்பு முன்னாலேயே இறங்கி நடந்தேன். தைலத்துக்குப் பயந்து பஸ்ஸை விட்டிறங்கிய ஆள் லண்டனிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் அந்த மணம் லண்டன் ஸ்ட்ரெதத்தில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் குடியிருந்தது. அறையில் வாடகைக்கு இருந்தவன் வெஸ்லி, அமெரிக்கன். அவர்களுடைய ஃபுட்போலில் குவார்ட்டர்பேக். அந்த நீள்முட்டைப் பந்தை யாருக்கு எறிவது என்று முடிவெடுத்து ஆட்டத்தை நடத்துகிறவன். தொழில்முறை ஆட்டக்காரன் என்றதும் பெரிய ஆளாக்கும் என்று நினைத்தோம். பத்து வருடத்தில் ஏழு அணி. பெரும்பாலும் மூன்றாவது ஆளாக, தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு மைதானத்து ஓர வாங்கில் இருந்தவன். நடுவில் ஜெர்மனியிலும் ஆடியிருக்கிறான். நானும் அங்கே ஆறு வருடம் கோப்பை கழுவியவன், ஆகவே உடைந்த ஜெர்மனில் கதைத்துச் சிரிப்போம். கடைசியாக லண்டனில், ஞாயிறுகளில் மட்டும் ஆடும் ஒரு சின்னக் கழகம்.

பெட்டியில் இருந்த உடுப்புகளை அவன் அலுமாரியில் அடுக்கவே இல்லை. அடுக்கிய ஊரிலெல்லாம் அடுத்த நாளே போகச் சொன்னார்கள் என்றான். அகதி முகாமில் நாங்களும் இதையேதான் சொல்வோம்.

காலையில் பூங்காவில் அவன் எறிய நான் பிடிப்பேன். பிடிப்பேன் என்பது ஒரு மரியாதைக்கு. பாதி என் நெஞ்சில்தான் பட்டது. எறிந்ததும் முகத்தை அப்பால் திருப்பிக்கொள்வான். மேல் தட்டிலிருக்கும் தேத்தண்ணிக் கோப்பையை இடக்கையால்தான் எடுப்பான். அமெரிக்காவில் ஓர் அணி அவனைக் கூப்பிட்டுப் பார்க்க யோசிக்கிறது என்று முகவர் சொல்லியிருந்தார். வயது முப்பத்து நாலு. இதற்குப் பிறகு ஒருவரும் கூப்பிடமாட்டார்கள் என்று அவனே சொன்னான்.

ஒரு பின்னேரம், அவன் குளித்துக்கொண்டிருக்க, வீட்டுப் போன் அடித்தது. அந்த அணிக்காரர். ஆள் எப்படியிருக்கிறான் என்று சும்மா விசாரித்தார். எங்கள் ஆட்களை வேலைக்குச் சிபாரிசு செய்கிற மாதிரியே சொன்னேன். காய்ச்சலோடும் ஷிப்டுக்குப் போவான் என்பதைவிடப் பெரிய நற்சான்று எங்களிடம் ஏது? கை தூக்க ஏலாத நோவோடும் ஒரு நாள் தவறாமல் எறிகிறான், ஒரு முனகல் கிடையாது என்றேன். எந்தக் கை என்று கேட்டுக்கொண்டார். பிறகு, மிகவும் நன்றி என்றார்.

சமையலறையிலிருந்து மனைவி ரதி வந்தாள்.

"என்னப்பா சொன்னனீங்கள்?"

"பெருமையாத்தான் சொன்னனான்."

"நோவெண்டதையுமோ?"

"ஓம்."

அவள் கதிரையில் இருந்துவிட்டாள்.

வெஸ்லி துவாயோடு படியிறங்கி வந்தபோது நானே சொன்னேன். அவன் கோபிக்கவில்லை. நீ நல்லதைத்தானே சொன்னாய் என்றான். பிறகு மூன்று கிழமை, பின்னேரங்களில் போனுக்குப் பக்கத்துப் படியிலேயே இருந்தான். நாலாம் கிழமை மேலே அலுமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். பெட்டியைக் கட்டிலில் கவிழ்த்துவிட்டு, உடுப்புகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

ஆட்டப் பருவம் முடிந்ததும் வீட்டை விட்டுப் போனவனிடமிருந்து பிறகு ஒரு கதையுமில்லை. வீட்டுப் போனையும் கழற்றிவிட்டோம். இப்போது கைபேசியில் யாராவது வேலைக்கென்று எங்கள் ஆள் ஒருவரைப் பற்றி விசாரித்தால், அந்தக் காலத்தில் அரை மணி நேரம் புகழ்ந்து தள்ளிய நான், "அவருக்கு ஒரு நோவும் இல்லை" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிடுகிறேன்.