சில்லுக்கடியில் தேசிக்காய்

சுவிஸில், ஷ்லீரனில் எங்கள் வீட்டுக் கராஜில் நானும் பக்கத்து வீட்டு ரெட்டோவும் ஒரு பழைய காரை வெட்டித் தாழ்த்திப் பெரிய எஞ்சின் பூட்டினோம். முதல் ஓட்டத்துக்கு முன் மனைவி நாலு சில்லுக்கடியிலும் தேசிக்காய் வைத்தாள்.

"இது என்ன?" என்று கேட்டான் ரெட்டோ.

"சும்மா சின்னப்பிள்ளை விளையாட்டு," என்றேன் அவனுடைய டொச் மொழியில்.

மனைவிக்கும் டொச் விளங்கும். குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கினாள்.

ரெட்டோ பையிலிருந்து ஒரு மாதா படத்தை எடுத்து ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டினான். "அம்மா தந்தது, காவலுக்கு," என்றான். அவன் வெட்கப்படவில்லை.

நான் மனைவியிடம், "திரும்ப வையுமன்," என்றேன்.

"வேண்டாம். உங்கட சிநேகிதர் சிரிப்பார்."

கார் நன்றாக ஓடியது. அவள் ஏறவில்லை. என் காவலுக்காகத்தான் வைத்தாள் என்று ரெட்டோவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது இன்னும் குத்துகிறது.