பெயர் தெறித்த கல்

ஷானன் ஆற்றில் பரிசல் போட்டுப் பிழைத்தவள் சார்நத். அவளிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் இரு கரையிலும் கிடையாது. கணவன் கோம்கான், கரையோரக் கிறிஸ்தவ மடத்துக்குத் தெப்பத்தில் கல் ஏற்றி வருகிறவன். குளிர்காலத்து வெள்ளத்தில் தெப்பம் கவிழ்ந்து, கல்லும் அவனும் சேர்ந்தே மூழ்கினார்கள். மடத்து ஆட்கள் மூன்று நாள் கயிறு போட்டுக் கல்லை மீட்டார்கள். ஆளைத் தேட ஒருவரும் கயிறு எடுக்கவில்லை. இதையெல்லாம் மன்னிக்க முடியுமா? அவள் மன்னிக்கவில்லை.

அவன் பெயருக்கு ஒரு கல் கேட்டு, மடத்துக் காரியஸ்தர் எக்ட்பிரானிடம் போனாள்.

"கல்லறை மேலதான் கல்லு வைக்கணும். உடம்பு இல்ல, குழி இல்ல. எங்கன்னு வைக்கிறது?"

"கல்லு கெடச்சுது, மனுசன் மட்டும் கெடைக்கலையா சாமி?"

"நாக்க அடக்கு."

நாக்கை அடக்கினால் அவள் சார்நத் அல்ல.

மீட்ட கல், பெரிய இடத்துப் பிணம் ஒன்றின் கல்லறைக்கென்று ஒதுக்கியது. கொத்தர் கூவனு சிலுவை வெட்டி, வழக்கப்படி 'ஜெபியுங்கள்' என்று முதலில் செதுக்கினார். அடுத்துப் பெயரைத் தொடங்கியதும் அந்த மூலை தெறித்து விழுந்தது. கல்லைக் குப்பையில் தள்ளினார்கள்.

சார்நத்துக்கு எழுத்து தெரியாது. கூவனுவிடம் கேட்டாள்: "அண்ணே, இதுல என்ன இருக்கு?"

"ஜெபியுங்கன்னு இருக்கு. யாருக்குன்னுதான் இல்ல. இத வச்சு என்ன பண்ணப் போற?"

"யாருக்குன்னு சொல்ல எனக்கு வாயிருக்குல்ல?"

கல்லைப் பரிசல் துறையில் கிடத்தினாள். கல்லில் கேட்டிருக்கும் ஜெபத்தைச் சொல்லாமல் தாண்டினால் பாவம் என்பது அங்கத்திய நம்பிக்கை. "யாருக்கு?" என்று கேட்டவர்களிடம், "கோம்கானுக்கு" என்றாள். முணுமுணுத்துக்கொண்டாவது ஜெபித்துவிட்டுத்தான் ஏறினார்கள்.

ஒருநாள் எக்ட்பிரானே வந்து நின்றார். அக்கரையில் திருநாள் பூசை. வெள்ளத்துக்குப் பயந்து வேறு யாரும் பரிசலை இறக்கவில்லை.

"இது ஒடஞ்ச கல்லு. செல்லாது."

"எழுத்து ஒடையலையே சாமி. நீங்க வெட்டச் சொன்ன எழுத்துதான்."

"பரிசல எடு!"

துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஓட்ஸ் ரொட்டியை நிதானமாகக் கடித்தாள். அக்கரையில் மணி அடித்தது. அவர் பல்லைக் கடித்தார், வானத்தைப் பார்த்தார். கடைசியில் குனிந்து உதட்டுக்குள் ஏதோ சொன்னார்.

சார்நத் அசையவில்லை.

"பேரச் சொல்லி, சத்தமாச் சொல்லுங்க சாமி. அவரு இன்னும் தண்ணிக்கடியிலதான் கெடக்காரு."