விழுந்துபோன ஒரு ‘டா’

பொத்தானக்கா அந்த வார்த்தையைச் சொன்னபோது கொள்கை கிள்கை என்று எதுவும் அவள் மனசில் இல்லை. தையல் கம்பெனியில் சட்டைக்குப் பொத்தான் வைக்கிறவள். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. குனிந்து தைக்கிற பெண்களுக்குப் பின்னால் வந்து நின்று கழுத்துக்குள் எட்டிப் பார்ப்பதையே உத்தியோகமாக வைத்திருந்தான் சூப்பர்வைசர். ஒருநாள் அவள் ஊசியும் கையுமாக எழுந்து, மெஷின் இரைச்சலையும் மீறிக் கத்தினாள்:

“கண்ணை அடக்குடா!”

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மறுநாள் வேலைநிறுத்தம். பேனர் எழுதச் சங்கச் செயலாளர் வந்தார்.

“சொன்னது சரிதான்க்கா. ஆனா அந்த ‘டா’ மட்டும் வேண்டாமே. பத்திரிகைக்காரங்க வருவாங்க, மரியாதையா இருக்கட்டும்.”

“அவனுக்கு என்னண்ணே மரியாதை?”

“அவனுக்கு இல்ல, நமக்கு.”

இடுப்பில் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. வாதாட நேரமில்லை. பேனரில் ‘கண்ணை அடக்கு’ என்று மட்டும் ஏறியது.

ஒரு ‘டா’ போனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். ஆள் போய்விடுவான். யாரைப் பார்த்துச் சொன்னது என்பது போய்விடும். முகவரி இல்லாத வசவு, எவர் வீட்டு வாசலிலும் போய் விழும்.

வேலைநிறுத்தம் ஜெயித்தது. செயலாளர் கட்சியில் சேர்ந்தார். போகும்போது அந்த வார்த்தையையும் கையோடு கொண்டுபோனார். மேடையில் அது ‘கண்ணடக்கம்’ ஆனது. முதல் தேர்தலில் அதற்கு, ஊர்ச் சொத்தில் கண் வைக்காதே என்று அர்த்தம். நல்லதுதானே என்று பொத்தானக்காவும் ஓட்டுப் போட்டாள். அடுத்த தேர்தலில் ‘கண்ணடக்கமே குடும்பத்தின் காவல்’ என்று சுவரெல்லாம் ஒட்டினார்கள். எழுத்துக்குக் கீழே தலை குனிந்த ஒரு பெண்ணின் படம். இன்னும் இரண்டு மூன்று தேர்தல் கழித்து ஆட்சிக்கு வந்ததும் அதுவே விதியாயிற்று: பொதுப்பணியில் உள்ள பெண்கள் கண்ணடக்கத்துடன் நடந்துகொள்ள வேண்டும்.

அன்று இடுப்பில் அழுத பிள்ளை, இன்று பஸ் கண்டக்டர். கூட்டத்தில் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணை உரசிக்கொண்டு நின்ற ஆளை அவள் முறைத்துப் பார்த்து, “தள்ளி நில்லுங்க” என்றாள். அவன் டிப்போவுக்குப் புகார் எழுதினான்: கண்டக்டர் கண்ணடக்கமின்றி என்னை உற்றுப் பார்த்தார். டிப்போவில் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை வேலை கிடையாது.

கேட்டதும் பொத்தானக்கா கிளம்பினாள். நேரே தலைவர் வீட்டுக்குப் போனாள். பழைய செயலாளர்தான், இப்போது தலைவர்.

“அண்ணே, அது நான் சொன்ன வார்த்தை. எவனைப் பார்த்துச் சொன்னேன்னு உங்களுக்குத் தெரியும். டிப்போவுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

தலைவர் கதவைச் சாத்தச் சொன்னார். “அக்கா, அந்த வார்த்தை இப்ப உன்னுதும் இல்ல, என்னுதும் இல்ல. கட்சியோடது. பொண்ணை ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லு. மிச்சத்தை நான் போன்ல பேசிக்கிறேன்.”

“எதுக்கு மன்னிப்பு?”

“எழுதினா வேலை. எழுதலேன்னா வீடு.”

வந்த கோபத்தில் வீடுவரை நடந்தே வந்தாள். மகள் கேட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்: “எழுதிடறேன்மா.”

“வெட்கமா இல்லையாடி?”

“வேலை வேணும்மா.”

மறுநாள் இருவரும் டிப்போ மேலாளர் முன்னால் உட்கார்ந்தார்கள். அவர் கடிதத்தை வாய்விட்டே படித்தார். “கண்ணடக்க விதியை மீறியதற்கு வருந்துகிறேன். இனி ஆண் பயணிகள் எவரையும் ஏறிட்டுப் பார்க்க மாட்டேன். எனவே, அவர்களில் யார் டிக்கெட் எடுத்தார், யார் எடுக்கவில்லை என்று சொல்ல என்னால் இயலாது என்பதையும் பணிவுடன்...”

மேலாளரின் குரல் இறங்கிப்போனது. “என்னம்மா, நக்கலா?”

“இல்ல சார். பார்க்காம எப்படி சார் டிக்கெட் குடுக்கறது? நீங்களே ஒருநாள் வந்து செஞ்சு காட்டுங்க, கத்துக்கறேன்.”

பக்கத்து மேஜை குமாஸ்தா இருமுவதுபோல் சிரித்தார். இந்தக் கடிதத்தை மேலே அனுப்பினால் என்ன கேள்வி வரும் என்று மேலாளருக்குத் தெரியாதா? நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

“நாளையிலிருந்து வண்டி ஏறு. போ.”

மகள் கும்பிட்டு எழுந்தாள். பொத்தானக்கா எழவில்லை.

“அந்த ஆளு என்ன ஆனான்?”

“எந்த ஆளும்மா?”

“அந்தப் பள்ளிக்கூடப் பொண்ணை உரசினானே, அவன். புகாரு குடுத்தானே, அவன்.”

“அவரு பயணி. அவருக்கு இந்த விதி கிடையாது.”

“அப்ப யாருக்கு விதி? உரசினவனுக்கு இல்ல, தடுத்தவளுக்கா?”

“அதான் பொண்ணுக்கு வேலை கிடைச்சிடுச்சே, இன்னும் என்ன?”

“வாம்மா, போலாம்,” என்று மகள் தோளைத் தொட்டாள். பொத்தானக்கா அந்தக் கையை விலக்கிவிட்டு, நாற்காலியை மேஜையோடு ஒட்டி இழுத்துக்கொண்டாள்.

“புகார்ல விலாசம் எழுதியிருப்பான் இல்ல? ஆள் விட்டுக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. அவன் வர்றவரைக்கும் நான் இங்கதான்.”

அவளை வெளியேற்ற மேலாளர் மணியடித்தார். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே வந்த காவலாளி ஒரு பெண். அவள் மேலாளரைப் பார்த்தாள், பொத்தானக்காவைப் பார்த்தாள். பிறகு கிளம்பத் தயாராக வாசல் பக்கம் திரும்பி, “அவனைக் கூட்டிட்டு வரணும்னா விலாசம் குடுங்க சார்,” என்றாள்.