கைக்கு அடங்காத தாளம்

தொண்ணூறுகளின் இறுதியில், ஜெர்சி சிட்டியில் எங்கள் மகளின் குடியிருப்பில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல். அவள் மணந்துகொள்ள விரும்பிய துருக்கி நாட்டு இளைஞர் அன்று முதன்முறையாக எங்களைக் காண வந்திருந்தார். மன்ஹாட்டன் வங்கியொன்றில் அவளுடன் பணிபுரிபவர். என் இசைவின்றி மணம் இல்லை என்று அவள் சொல்லியிருந்தாள், நான் விடையளித்திருக்கவில்லை. காலையிலிருந்தே சன்னலுக்கும் நாற்காலிக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

“அப்பா, ப்ளீஸ். உங்க காலேஜ் ஸ்டூடன்ட் மாதிரி அவரை வைவா எடுக்காதீங்க” என்று அவர் வருவதற்குமுன் மகள் கேட்டுக்கொண்டாள்.

“உங்கப்பா வாயையே தொறக்க மாட்டேங்கறாரேடி. எனக்கு அதான் பயமா இருக்கு” என்றாள் என் மனைவி.

எனக்கு இசையில் நாட்டம் உண்டென்று அறிந்து, அவர் ஓர் ஒலிநாடாவைக் கொண்டுவந்திருந்தார். அவர்கள் நாட்டுப் பழம்பாடலொன்றைப் புகழ்பெற்ற பாடகி ஒருவர் புதிய கருவிகளுடன் மீண்டும் பாடியது. பாட்டுக் கேட்கும்போது தொடையில் தாளமிடுவது என் வழக்கம். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில் அது பிசகின்றிப் பொருந்தியது. குறை ஒன்றுமில்லை, மனத்தில் தங்கவும் ஒன்றுமில்லை. நன்று என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மகளின் முகம் வாடிற்று. எத்தகையவற்றை நான் அந்த ஒரு சொல்லோடு முடித்துக்கொள்வேன் என்பதை அவள் அறிவாள்.

அவரும் உணர்ந்திருக்க வேண்டும். தம் தாயார் இதை இவ்வாறு பாடுவதில்லை என்று தயங்கிச் சொல்லிவிட்டுத் தாமே பாடத் தொடங்கினார். பயிற்சியற்ற குரல். ஆனால் என் கை தடுமாறியது. எட்டை முடித்து மீண்டும் எடுத்தால், பாட்டு ஓர் எண்ணிக்கை பின்தங்கி வந்தது. அடுத்த சுற்றில் இன்னும் விலகியது.

“தாளம் தப்புதே” என்றேன் மகளிடம்.

“யாருக்குப்பா? அவருக்கா, உங்களுக்கா?”

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். மீண்டும் பாடச் சொன்னேன். வெளியே தொடர்வண்டி கடந்துபோனதில் எண்ணிக்கை கலைந்தது. மறுபடியும் பாடச் சொன்னேன். இம்முறை எண்ணாமல் அவர் குரலின் பின்னேயே சென்றேன். தக, திமி, தக, தகிட. ஒன்பது! நம் இசையில் சங்கீர்ணம் என்போமே, அதே ஒன்பது. அந்த ஒன்பதாவது எண்ணிக்கையைத்தான் ஒலிநாடாவின் பாடகி நறுக்கி எட்டாகச் சீராக்கியிருந்தார்.

மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காபி ஆறிப்போச்சு. அந்தப் பிள்ளைக்குத் தொண்டை கட்டிக்கப் போகுது” என்றாள் மனைவி.

“இவங்க அம்மா இங்க எப்ப வருவாங்கன்னு கேளும்மா. அவங்க பாடி நான் கேக்கணும்” என்றேன் மகளிடம்.

“நீங்களே கேளுங்கப்பா” என்று தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

கேட்டேன். அவர் விடை சொல்லிக்கொண்டிருக்கையிலும் என் கை நிற்கவில்லை.