கட்டம் கட்டமாக வந்த கேள்வி

எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றியதில் பல போன்களை விற்றுச் சாப்பிட்டிருக்கிறேன். எதுவும் நினைவில் இல்லை. என்னைப் பெற்ற அத்தா சார்ஜாவிலிருந்து அனுப்பிய அந்த முதல் டச் போனை மட்டும் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பேகம்பூரில் எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் டச் போன். அத்தாவின் அண்ணன், பெரியத்தா, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல சோறும் ஆக்கலாம் போல" என்றார். அரைமணி நேரம் தொட்டுக்கொண்டிருந்தால் அதன் முதுகு அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். இரண்டு விளையாட்டு ஏற்றினால் இடமில்லை என்று சொல்லும்.

அதைவிடப் பெரிய குறை, அதற்குத் தமிழ் தெரியாது. அத்தா வைத்திருந்தது சாதாரணப் பட்டன் போன். அதில் தமிழ் இருந்தது. அவர் தட்டி அனுப்பியதெல்லாம் எங்கள் போனில் வெறும் கட்டங்களாக வந்து விழுந்தன. எப்போதாவது கடைசியில் ஒரு கேள்விக்குறி மட்டும் தெரியும்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. எனக்கு வரும் என்று வீட்டில் நம்பினார்கள். மெசேஜ் வந்தால் போனை என்னிடம் நீட்டுவாள். நான் 'ஓகே' என்று தட்டி அனுப்புவேன். வந்து சேர்ந்தது என்று சொல்ல அதுதான் முறை என்பது என் முடிவு.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் அத்தா பேசுவார். போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவீட்டில் வைத்து, பெரியத்தா, பெரியம்மா, அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் சுற்றி உட்கார்வோம். "மெசேஜ் பாத்தியா?" என்பார் அத்தா. "பாத்தேன்" என்பாள் அம்மா. ஆசையாக வாங்கி அனுப்பியவரிடம், அத்தனை பேர் முன்னால், அதில் தமிழ் வரவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அந்த வருஷம் நோன்புக்கு அத்தா ஊருக்கே வந்துவிடுவார் என்று பேச்சு. ஒரு வெள்ளிக்கிழமை அவர், "ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார்.

"என்னங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"உங்கிட்ட கேட்டுத்தான போட்டேன். நீதான சரின்னு அனுப்பின?"

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலையிலேயே என்னையும் இழுத்துக்கொண்டு வத்தலக்குண்டுக்கு பஸ் ஏறினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் மாமா, அம்மாவின் தம்பி, போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார்.

"தமிழ் எழுத்து இதுக்குள்ள இல்லக்கா. கொண்டுபோய் வைக்கணும். கம்பெனிக்காரன் வாசலப் பூட்டி வச்சிருக்கான், ஒடைச்சுத்தான் உள்ள போகணும்."

"ஒடைச்சா வந்த மெசேஜெல்லாம் போயிருமா?"

"அத கார்டுல எடுத்து வச்சிட்டுத்தான் கை வைப்பேன். ஆனா போனே போனாலும் போயிரும். பெறகு மச்சான் என்னைய வையக் கூடாது."

அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "செய்யி" என்றாள்.

மாமா கம்ப்யூட்டரில் கேபிளைச் சொருகினார். பூட்டு உடைந்தது, எழுத்தும் உள்ளே போனது. அணைத்து மறுபடி போட்டால் போன் கம்பெனிப் பெயரைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றது. பத்து நிமிஷம் ஆகியும் நகரவில்லை. ஸ்டூலில் இருந்த அம்மா எழுந்து நின்றுவிட்டாள். மாமா பேட்டரியைக் கழற்றி மாட்டி, இரண்டு பட்டன்களைச் சேர்த்து அமுக்கி, எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்கினார். என் இரண்டு கார் விளையாட்டும் போயின. நான் அழுதேன்.

"ஏலே அப்பு, போன் பொழைக்குமான்னே தெரியல, ஒனக்குக் காரு ஓட்டணுமா?"

மூன்றாம் தடவை திரை விழித்தது. கார்டிலிருந்து மெசேஜ்களை இறக்கினார். கட்டங்கள் இருந்த இடத்தில் தமிழ் நின்றது. கொம்பெல்லாம் இடம் மாறித்தான் வந்தது, ஆனாலும் வாசிக்கலாம். மாமா திரையைப் பார்க்காமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வேறு போனைத் திறக்க ஆரம்பித்தார்.

அம்மா ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டு, எழுத்துக் கூட்டி முணுமுணுத்தாள். "இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்றாங்க. எனக்கு இஷ்டமில்ல. ஆனாலும் இருக்கவா?"

பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "இதுக்கு என்ன அனுப்புன?"

"ஓகே. எல்லாத்துக்கும் அதான அனுப்புவேன்." விளையாட்டு போன துக்கத்தில் எரிச்சலாகச் சொன்னேன்.

"என்னக்கா, மச்சான் என்ன எழுதியிருக்காரு?" என்றார் மாமா.

"நல்லாருக்காராம்."

வீட்டுக்குள் நுழைந்ததும் பெரியம்மா மறித்துக் கேட்டாள். "நெசமாவே நீயா அவர இருக்கச் சொன்ன?"

"ஆமாக்கா. யோசிச்சு நாந்தான் சொன்னேன்."

என் 'ஓகே'க்கும் இதற்கும் முடிச்சுப் போடத் தெரியாமல், அத்தாவை வரவேண்டாம் என்று சொன்னவள் என்று எனக்கு அம்மா மேல் அப்படி ஒரு கோபம். நாலு நாள் அவள் கையால் சோறு வாங்கவில்லை. பெரியம்மாவிடம் போய்த் தின்றேன். "பெத்த பிள்ளைக்கே பொறுக்கல பாரு" என்று பெரியம்மா எனக்குத் தொட்டுக்கொள்ளக் கூடுதலாக வெஞ்சனம் வைத்தாள். அடுப்படியில் அதைக் கேட்டுக்கொண்டு நின்ற அம்மா ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நான் யோசிக்கவே இல்லை.