பேண்ட்வித்துக்கு வைத்த குங்குமம்

என் மகளின் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் மேடையிலேயே சொல்லிவிட்டார்கள், எங்களுக்கு ஒன்றும் வேண்டாம் என்று. மைக்கைப் பிடித்துச் சொன்னார்கள். ஒன்றும் வேண்டாம் என்பவர்களிடம்தான் உஷாராக இருக்க வேண்டும் என்று என் மனைவி அப்போதே காதோரம் முணுமுணுத்தாள். நான் அதட்டினேன். அம்மையார் கொடுத்த சம்பந்தம், அப்படியெல்லாம் பேசக்கூடாது என்றேன்.

அம்மையார் கொடுத்தது என்பது வாய்ப்பேச்சு இல்லை. காரைக்காலில் அம்மையார் கோயில் வாசலில் தேங்காய் பழக்கடை வைத்திருப்பவன் நான். எட்டாவதோடு படிப்பு முடிந்தது. மகளுக்கு வரன் தட்டிக்கொண்டே போனபோது, ஊராருக்கெல்லாம் அர்ச்சனைத் தட்டு அடுக்கிக் கொடுத்த கையால் எனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு போய்ச் சன்னதியில் நின்றேன். கல்யாணம் கூடிவிட்டால் மாங்கனித் திருவிழாவில் பெண்ணும் மாப்பிள்ளையும் தம்பதியாக நின்று எங்கள் மொட்டைமாடியிலிருந்து கூடை நிறைய மாங்கனி இறைப்பார்கள் என்று வேண்டிக்கொண்டேன். சிவன் பிச்சாண்டவராக உலா வரும் தெருவில்தான் எங்கள் வீடு. வேண்டுதல் பலித்தவர்கள் மேலிருந்து இறைப்பார்கள். பிள்ளை வரமோ கல்யாணமோ வேண்டி நிற்பவர்கள் கீழே கையேந்திப் பிடிப்பார்கள். எத்தனையோ வருஷம் என் பெண்ணும் கீழே நின்று பிடித்தவள்தான்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. ஆனியில் திருவிழா. இடையில் இருந்தது ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் வந்து புகுந்ததுதான் பேண்ட்வித்.

மறுவீட்டு விருந்துக்கு வரும் மாப்பிள்ளைக்குச் சங்கிலியோ மோதிரமோ போடுவது எங்கள் வழக்கம். எங்கள் மாப்பிள்ளை தங்கமே வேண்டாம் என்றார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பிள்ளையா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணைத் துடைப்பதற்குள் அடுத்த வாய் பாயசத்தோடு சொன்னார்.

"அதுக்குப் பதிலா ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிக் குடுத்துடுங்க மாமா. போதும்."

மாப்பிள்ளை பொறியியல் படித்தவர். வேலை முடிந்து வந்ததும் கம்ப்யூட்டரில் கார் ஓட்டுவார். அதுவும் என்ன மாதிரிக் கார்! வாசலில் நிற்கும் ஸ்கூட்டருக்குக் காற்று அடிக்க அவருக்கு நேரம் கிடைக்காது. ஆனால் உள்ளே ஓடும் காருக்கு டயர் தேய்ந்திருக்கிறதா என்று உட்கார்ந்து ஆராய்வார். அந்தக் கார் திக்கித் திக்கி ஓடுகிறதாம். கார்டு மாற்றினால் பறக்குமாம்.

கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு கார்டு எடுத்து வைத்தார் கடைக்காரர். ஒன்று புதிது, சின்னது. இன்னொன்று செங்கல் மாதிரி கனம், பழைய மாடல். மாப்பிள்ளை செங்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தினார்.

"மாமா, கேம்ல வர்ற ரோடு, மரம், வானம் எல்லாத்தோட படமும் இந்தக் கார்டு மெமரில கெடக்கும். நடுவுல ஒரு சிப் இருக்கு, அதுதான் வரையற ஆளு. மெமரிலேருந்து அந்தச் சிப்புக்கு ஒரு நொடில எவ்ளோ சரக்கு போவுதோ, அதான் பேண்ட்வித். இதுல அதைவிட ரெண்டு மடங்கு. அப்ப கேம் எப்படி ஓடும்?"

"ரெண்டு மடங்கு ஓடுமா மாப்பிள்ளை?"

"கரெக்ட்டா சொன்னீங்க."

கடைக்காரர் ஏதோ இழுத்தார். "சார், அது மட்டும் பாத்து வாங்காதீங்க. இது சிப் பழசு..."

மாப்பிள்ளை ஒரு சிரிப்புச் சிரித்தார். படித்தவர்கள், படிக்காதவர்களுக்காகவென்றே தனியாக ஒரு சிரிப்பு வைத்திருப்பார்கள். கடைக்காரர் பில் புத்தகத்தைத் திறந்தார். நான் செங்கல்லை வாங்கிக் கொடுத்தேன்.

நேரே வீட்டுக்கு எடுத்துப்போக விட மனம் வரவில்லை. மகள் குடித்தனத்துக்கு நான் வாங்கிக் கொடுக்கும் முதல் பொருள். கோயிலுக்குக் கொண்டுபோனேன். குருக்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன ஓய், டேப் ரிக்கார்டரா?" என்று கேட்டாலும் அம்மையார் பாதத்தில் வைத்துப் பூ சாத்திக் கொடுத்தார். நான் அதன் விளிம்பில் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தேன். எங்கள் வீட்டில் பொட்டு வைக்காமல் எந்தப் பொருளும் ஓட ஆரம்பித்ததில்லை. தண்ணீர் மோட்டார், கிரைண்டர், கடைத் தராசு எல்லாம் அப்படித்தான். மோட்டார் குங்குமத்தோடுதான் இன்றைக்கும் தண்ணீர் ஏற்றுகிறது.

ஒரு வாரம் போயிருக்கும். மகள் போன் செய்தாள். குரல் இறங்கியிருந்தது.

"அப்பா, கார்டுல எந்தப் பக்கம் பொட்டு வச்சீங்க?"

"ஏம்மா?"

பதிலுக்கு மாப்பிள்ளையின் குரல் வந்தது. "மாமா, கோச்சுக்காதீங்க. சந்தனம் உள்ள எறங்கி மெமரிகிட்ட ஒட்டிக்கிட்டிருக்கு போல. பேண்ட்வித் அடச்சுக்கிச்சு. வரவேண்டிய வேகத்துல பாதிகூட வரல."

எனக்குத் தப்பு செய்துவிட்டோமோ என்று பயம். அதைவிட, அம்மையார் பாதத்தில் வைத்த சந்தனத்தைக் குற்றவாளியாக நிறுத்துகிறார்களே என்று நெஞ்சு எரிந்தது. அதற்குள் சம்பந்தியம்மா திருமலைராயன்பட்டினத்தில் அவர்கள் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். கம்ப்யூட்டருக்கே பூச்சூட்டி அனுப்பின குடும்பமாம் நாங்கள். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்புக்கு நடுவில் காபி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவள் என் மகள்.

அது போகட்டும். மாப்பிள்ளை மகளிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "ஒங்க வீட்டு சாமி விஷயத்துல இனிமே என்னய இழுக்காத. மாடில ஏறி மாங்கா எறியறதுக்கெல்லாம் நான் வரல."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தம்பதியாக என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். மகளை மட்டும் தனியாக மாடியில் நிறுத்தினால் தெரு என்ன பேசும், மேலே இருப்பவள் என்ன நினைப்பாள்? வெற்றிலை, பாக்கு, பழம் வைத்துத் தட்டோடு முறையாக அழைக்கலாம் என்று நானும் மனைவியும் பட்டினத்துக்குப் பஸ் ஏறினோம்.

போனால் கார்டு வைத்த கம்ப்யூட்டர் பெட்டி மேசை மேல் திறந்து கிடக்கிறது, பிரேதப் பரிசோதனை மாதிரி. சம்பந்தியம்மா தட்டை வாங்கிக் கீழே வைத்தார்.

"வாங்க சம்பந்தி. பாருங்க, பிள்ளை சாப்பாடே எறங்காம கெடக்கான்."

மாப்பிள்ளையின் இலையில் அப்போதுதான் மூன்றாவது வறுத்த மீன் முடிந்திருந்தது. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

மகள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். "ஏங்க, அப்பா இருக்கும்போதே பாத்துடுவோம்" என்று புருஷனைக் கூப்பிட்டாள். அவள் துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். கம்ப்யூட்டர் அவளுக்குப் புதிது இல்லை என்றாலும் இந்தக் கார் விளையாட்டை அவள் தொட்டு நான் பார்த்ததில்லை.

கேம் ஓடியது. திரையின் மூலையில் ஒரு எண் துடித்துக்கொண்டிருந்தது. நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்று காட்டும் எண்ணாம்.

"இப்ப மெமரியோட வேகத்தக் கொறைக்கிறேன்" என்றாள். ஏதோ ஒரு கோட்டை மௌசால் இழுத்து இறக்கினாள். "சந்தனம் அடச்சுக்கிச்சுன்னு சொன்னீங்கல்ல? இன்னும் நல்லா அடைப்போம். பேண்ட்வித் கொறைஞ்சுடுச்சு. எண்ணப் பாருங்க."

எண் ஏறக்குறைய அங்கேயே நின்றது.

"இப்ப அதத் திருப்பி ஏத்திட்டு, சிப் வேகத்தக் கொறைக்கிறேன்."

எண் சரசரவென்று இறங்கியது. திரையில் கார் நொண்ட ஆரம்பித்தது. என்னைப் போன்றவனுக்கே புரிந்துவிட்டது.

"மெமரி அள்ளி அள்ளிக் குடுக்குது. வரையற சிப்புதான் முழி பிதுங்கி நிக்குது. அதுக்கு இருக்கற பேண்ட்வித்தே ஜாஸ்தி. எங்கப்பா வச்ச குங்குமத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

மாப்பிள்ளை நாற்காலியில் நெளிந்தார். "அப்படி ஒரேடியா சொல்லிட முடியாது. பேண்ட்வித் முக்கியம்தான்னு எல்லா வீடியோலயும் சொல்றாங்க."

"முக்கியம்தாங்க. சிப் வேகமா இருந்து, சரக்கு வராம காத்துக் கெடந்தா முக்கியம். 4K மாதிரி பெரிய திரையில ஆடுனா முக்கியம், அங்க அள்ளிப் போட வேண்டியது நெறைய. நீங்க வச்சிருக்கறது இத்துனூண்டு திரை, பழைய சிப்."

"இதெல்லாம் ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க பாக்குற அதே வீடியோதான். நான் கடைசி வரைக்கும் பாத்தேன்."

முதலில் தெளிந்தவர் சம்பந்தியம்மாதான். அவருக்கு அந்தப் பேச்சிலிருந்து ஒரே ஒரு சொல் பிடிபட்டிருந்தது.

"அப்ப பெரிய திரையா வாங்குனா சரியாயிடும்ங்கறியா?" என்று மருமகளைக் கேட்டுவிட்டு, பார்வையை மெதுவாக என் பக்கம் திருப்பினார்.

"கெளம்புங்க, பஸ்சு போயிடும்" என்று என் மனைவி எழுந்துவிட்டாள்.

வாசல் வரை வந்த மகள் சொன்னாள். "வர்றோம்பா. ரெண்டு பேரும்." மாப்பிள்ளை பின்னால் நின்றார். வரவில்லை என்று மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கு அவ்வளவு போதும் என்று அம்மையாரைக் கும்பிட்டுக்கொண்டே பஸ்சில் உட்கார்ந்தேன்.

திருவிழாவன்று வந்தார்கள். பட்டு வேட்டியில் மாப்பிள்ளை பார்க்க லட்சணமாகவே இருந்தார். சப்பரம் தெருமுனை திரும்பியதும் மேளச் சத்தத்தில் மாடியே அதிர்ந்தது. கீழே தலையும் கையுமாக ஒரே கூட்டம். கூடையைத் தம்பதியின் நடுவில் வைத்தேன்.

மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டினார். எதையும் பெரிதாகச் செய்கிற பிள்ளை அல்லவா? இரண்டு கையாலும் அள்ளி அள்ளி ஒரே இடத்தில் கொட்டினார். மழைபோல விழுந்தது. கீழே பாவம், ஒருத்திக்கு இரண்டு கைதானே? ஒன்றைப் பிடிப்பதற்குள் ஐந்தாறு தோளில் பட்டுத் தெறித்துத் தரையில் விழுந்து மிதிபட்டது. ஆண்டவன் பேரால் இறைக்கிற கனி காலடியில் நசுங்குவதைப் பார்க்க எனக்கு உயிரே போனது.

"மாப்பிள்ளை, நிறுத்துங்க! ஒண்ணொண்ணாப் போடுங்க! கீழ கை காலியாவட்டும்!"

"வேகமாப் போட்டாத்தானே மாமா நெறைய பேருக்குக் கெடைக்கும்?"

சொல்லி முடித்ததும் அவர் கை அந்தரத்தில் நின்றது. பக்கத்தில் நின்ற என் மகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், அவ்வளவுதான். மாப்பிள்ளைக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் கையில் இரண்டாவது பழம் ஏறவில்லை. கூட்டத்தைப் பார்ப்பார், காலிக் கையைத் தேடுவார், போடுவார். ஓரத்தில் ஒரு பெண், புடவைத் தலைப்பை விரித்துக்கொண்டு வெகுநேரமாக ஒன்றும் கிடைக்காமல் நின்றாள். மகள் அவளைக் காட்டினாள். மாப்பிள்ளை குனிந்து, குறி பார்த்து, மெல்ல விட்டார். தலைப்பில் விழுந்தது. அவள் அந்தக் கனியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேலே பார்த்து இருவரையும் கும்பிட்டாள். மாப்பிள்ளையும் என்ன நினைத்தாரோ, பதிலுக்குக் கும்பிட்டார். என் வேண்டுதல் அந்த நிமிஷம் தீர்ந்தது.

சாப்பாடு முடிந்து எல்லாரும் அசந்திருந்தபோது மாப்பிள்ளை ஒரு பையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பைக்குள் அந்தச் செங்கல் கார்டு. விளிம்பில் நான் வைத்த குங்குமத்தைச் சுரண்டித் துடைத்து எடுத்திருந்தார்கள்.

"மாமா, இத வித்துட்டு அந்தப் புது கார்ட வாங்கலாம்னு இருக்கேன். கேக்குறவன்லாம் அடிமாட்டு விலைக்குக் கேக்குறான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கொஞ்சம் சந்தனம் குங்குமம் வச்சுக் குடுங்களேன். வாங்க நல்ல ஆளா வரட்டும்."

"உள்ள எறங்கிடப் போவுது மாப்பிள்ளை."

"பரவால்ல மாமா. வாங்கறவன் பாத்துக்குவான்."

கிண்ணத்தில் சந்தனம் குழைத்தேன். பொட்டு வைத்தேன். இந்தத் தடவை கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன்.