வெள்ளிக்கிழமை ஆறு மணி

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு, தாமல் கிராமத்தைத் தாண்டி இருக்கும் ஒரு கண் மருத்துவமனையின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. பஸ்ஸில் போனால் முக்கால் மணி நேரம். ஒரு நாளும் போனதில்லை. லினக்ஸ் சர்வர்தானே, இங்கிருந்து கட்டளை தட்டினால் அங்கே நடந்துவிடும். நேரில் போய் நிற்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்த ஆள் நான்.

நோயாளிகளின் கண் படங்களும் மருந்துச் சீட்டுகளும் தினமும் மதியம் இரண்டு மணிக்கு மேல் ஒரு டேப்பில் நகலாகும். நாளைக்கே சர்வர் எரிந்துபோனாலும் அந்த டேப் இருந்தால் எல்லாவற்றையும் மீட்டுவிடலாம். மற்ற நாட்களில் அன்றைய படங்கள் மட்டும். வெள்ளிக்கிழமை மொத்தமும். சர்வரோடு இணைத்த டேப் டிரைவ் என்ற பெட்டியில் டேப்பை மாற்றிப் போட மட்டும் அங்கே ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் தாமலிலிருந்து வரும் ஒரு பெண்மணி. ஏழெட்டு வருடம் அதே மருத்துவமனையில் தரை துடைத்தவர். டேப் மாற்றும் வேலை கிடைத்ததும் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கான்ட்ராக்ட் வேலைதான், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஆனாலும் அந்த நாற்காலியில் அவருக்கு இருந்த பெருமை அவர் "ஹலோ" சொல்லும்போதே தெரியும்.

திடீரென்று வெள்ளிக்கிழமை நகல் மட்டும் பாதியில் நிற்க ஆரம்பித்தது. எழுத முடியவில்லை என்று ஒரு பிழை. டேப்பை மாற்றச் சொன்னேன், மாற்றினார். கேபிளைக் கழற்றி மாட்டச் சொன்னேன், மாட்டினார். டிரைவைத் துடைக்கும் டேப்பைப் போடச் சொன்னேன், போட்டார். அடுத்த வெள்ளி மறுபடியும் அதே பிழை. சர்வர் நடந்ததைக் குறித்துவைக்கும் லாக்கில், டிரைவ் ரீசெட் ஆனதாக, அதாவது நின்று மறுபடி முதலிலிருந்து கிளம்பியதாக ஒரு வரி இருந்தது. அது எத்தனை மணிக்கு என்று நான் பார்க்கவில்லை; ஏன் ஆகிறது என்பதும் பிடிபடவில்லை.

"சார், நான் கெளம்பற நேரத்துல ஒரு சத்தம் வருது சார். ஓடிக்கினு இருக்கிற டேப்பு கடகடன்னு திரும்பி ஓடுது. கரெக்டா ஆறு மணி" என்று அவர் சொன்னது ஞாபகம் இருக்கிறது. எங்கள் தெருவில் தறிச் சத்தம் அதிகம் என்பதால் போனில் என் பக்கத்தை மியூட்டில் போடுவது வழக்கம். அன்றும் போட்டேன். மியூட்டில் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்தேன்.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, டிரைவைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். டிரைவின் நெற்றியில் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு. டேப்பின் மேலும் ஒன்று.

"வெள்ளிக்கிழமை ஆச்சே சார், அதான் வெச்சேன்" என்றார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லக் கூசுகிறது. குங்குமத்தூள் உள்ளே போனால் டேப்பில் எழுத முடியுமா? பிழை வருவதும் வெள்ளி, பொட்டு வைப்பதும் வெள்ளி. இதற்கு மேல் என்ன வேண்டும்? போட்டோவை இணைத்து, "பயிற்சி இல்லாத ஊழியரால் டிரைவுக்குள் தூசி" என்று மருத்துவமனைக்கும் என் மேனேஜருக்கும் மெயில் போட்டேன். பத்து நிமிடத்தில் எழுதி முடித்தேன். எழுதிக்கொண்டிருந்த லேப்டாப்பின் மூடியில் ஆயுத பூஜைக்கு அம்மா வைத்த பொட்டு அப்படியே இருந்தது. அது என் கண்ணில் படவில்லை.

திங்கட்கிழமை அவரை நிறுத்திவிட்டார்கள்.

டிப்ளமோ படித்த ஒருவர் வந்தார். டிரைவே புதிதாக வந்தது. யாரும் எதற்கும் பொட்டு வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை நகல் பாதியில் நின்றது.

அடுத்த வெள்ளி பஸ் ஏறினேன். சர்வர் அறையில் புது ஆள் ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். "அந்தம்மா எழுதினது சார், குப்பையில போடவான்னு கேக்கலாம்னு வெச்சேன்." தேதி, டேப் எண், போட்ட நேரம் எல்லாம் குண்டு குண்டு எழுத்தில் இருந்தன. ஒவ்வொரு வெள்ளிக்கும் கீழே ஒரே வரி: "6.00 சத்தம். சாரிடம் சொன்னேன்."

நாற்காலியில் உட்கார்ந்து, ஆறு மணிக்கு என்ன ஓடுகிறது என்று சர்வரில் தேடினேன். இரண்டு வருடத்துக்கு முன் பழைய டிரைவ் அடிக்கடி உறைந்துபோனபோது நானே எழுதி வைத்த, தானாக ஓடும் சின்ன ஸ்கிரிப்ட் கிடைத்தது. தினமும் ஆறு மணிக்கு டிரைவைக் கூப்பிடும்; பதில் வராவிட்டால் ரீசெட் செய்யும். மற்ற நாட்களில் அதற்குள் நகல் முடிந்து டிரைவ் சும்மா இருக்கும், பதில் சொல்லும். படங்கள் பெருகி வெள்ளிக்கிழமை நகல் எட்டு மணி வரை நீண்டுவிட்டது. பாவம், டிரைவ் மும்முரமாக எழுதிக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் இருக்கும்போது என் ஸ்கிரிப்ட் போய் அதன் தலையில் தட்டியிருக்கிறது.

அந்த ஸ்கிரிப்டை ஓட்டும் ஒரு வரியை எடுத்தேன். ஆறு மணி ஆயிற்று. டேப் நிற்காமல் ஓடியது.

மேனேஜரிடம் போனில், "செட்டிங்ல சின்ன பிரச்சனை, சரி பண்ணிட்டேன்" என்றேன். "குட், க்ளோஸ் பண்ணிடுப்பா" என்றார். புகாரை க்ளோஸ் செய்தேன்.

நான்கு நாள் கழித்து அந்தப் பெண்மணிக்குப் போன் செய்தேன். ஒரு கல்யாண மண்டபத்தில் தரை துடைக்கப் போவதாகச் சொன்னார்.

"இப்ப நல்லா ஓடுதா சார்?"

"ஓடுதுமா."

"என்னாலதான் சார் எல்லாம். அதுலேர்ந்து வீட்ல மிக்ஸிக்குக் கூட நான் பொட்டு வெக்கிறதில்ல."

பொட்டு காரணமில்லை, தப்பு என்னுடையது, ஆறு மணிக்கு ஓடியது நான் எழுதியது என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"அப்ப நான் நோட்ல எழுதினது கரெக்டா சார்?"

"கரெக்ட்தான்மா."

"அத ஆஸ்பத்திரியில சொன்னீங்களா?"

இந்த முறை மியூட்டில் போடவில்லை. ஆனாலும் என்னிடமிருந்து சத்தம் வரவில்லை.

"சரி சார், பஸ்ஸு வந்துடுச்சி" என்று வைத்துவிட்டார்.

அன்றைக்கே மருத்துவமனைக்கு ஒரு மெயில் எழுத ஆரம்பித்தேன். அது இன்னும் டிராஃப்டில்தான் இருக்கிறது.